இன்ஜினை இறக்காமல் பார்த்த வேலை

1955-இல் உருவான என்ஃபீல்டு இந்தியாவின் திருவொற்றியூர் ஆலையில் தயாரான பழைய 350 சிசி புல்லட்டில் கியர்பாக்ஸ் தனிப் பெட்டி. நான்கு கியர். கியர் பெடல் வலது காலுக்கு, பிரேக் இடது காலுக்கு. முதல் கியரைத் தவிர வேறெதில் ஓடினாலும் குதிகாலால் ஒரு குட்டி லீவரை அழுத்தினால் நேராக நியூட்ரல். பெட்டி தனியாக இருந்ததால் அதற்கான வைத்தியமும் தனியாகவே நடந்தது.

"செகண்ட் கியர் நிக்க மாட்டேங்குதுண்ணே" என்று வண்டியைக் கொண்டுவந்தால், விவரமான மெக்கானிக் உடனே பிரிக்க மாட்டார். வெளிமூடியைக் கழற்றி, ராட்செட் தகட்டின் இரண்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, தகட்டை மயிரளவு நகர்த்திப் பார்ப்பார். கியருக்கும் கியருக்கும் நடுவே விழும் பொய் நியூட்ரல் பல நேரம் அதிலேயே போய்விடும். போகாவிட்டால்தான் உள்மூடிக்குக் கை போகும். வண்டி ஸ்டாண்டில் நின்றபடியே கியர்கள் வலப்பக்கமாகக் கைக்கு வந்துவிடும். மெயின் ஷாஃப்டையும் ஸ்லீவ் கியரையும் எடுக்க மட்டும் இடப்பக்கம் கிளட்ச்சைக் கழற்ற வேண்டும். இன்ஜினை யாரும் தொட வேண்டியதில்லை.

தேய்ந்த புஷ் லேத் பட்டறைக்குப் போகும். கன்மெட்டலில் புதிதாகக் கடைந்து, அழுத்தி ஏற்றி, ரீமர் போட்டு, ஷாஃப்டைச் சொருகிச் சுற்றிப் பார்ப்பார்கள். இறுக்கமும் கூடாது, ஆட்டமும் கூடாது. அந்த அளவு விரலுக்குத்தான் தெரியும். ஷாஃப்ட் தேயாமலிருக்கத் தான் தேய்வதற்கென்றே வைத்த பாகம் புஷ். அதைப் புதிதாகக் கடைவது ஒட்டுவேலை அல்ல, முறையான வேலை.

அதே கைகள் செய்த இன்னொரு வேலையை என்னால் புகழ முடியாது. ஒரு கியரை இன்னொன்றோடு பூட்டும் டாக் பற்களின் மூலை மழுங்கினால், இழுவை ஏறும்போது கியர் வெளியே தள்ளும். அந்த மூலைகளில் கேஸ் வெல்டிங் வைத்து அரைத்துக் கொடுத்தார்கள். கியர் இரும்புக்குக் கடினம் மேல்தோலில் மட்டும்தான். வெல்டிங் சூட்டில் அதுவும் போய்விடும். பாகம் கிடைக்காத காலத்தின் தவிப்பு அது. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புதுசு இல்லையென்றால் புதுப்பேட்டையில் பழசைத் தேடி அலைவார்கள்.

பிறகு ஐந்து கியர் வந்தது, பெடல் இடது காலுக்கு மாறியது. 2008-க்குப் பிறகு இன்ஜினும் கியர்பாக்ஸும் ஒரே கேஸுக்குள் போயின. கிரீஸ் கசியும் பெட்டி போய், இரண்டுக்கும் ஒரே எண்ணெய் என்றானது. இது நல்ல மாற்றம் என்றே நான் நினைக்கிறேன்.

ஆனால் ஒரு கியரை மாற்ற வேண்டுமானால் இன்று இன்ஜினை இறக்கி, ஹெட், சிலிண்டர், கிளட்ச், மேக்னட் எல்லாம் கழற்றி, கேஸைப் பிளக்க வேண்டும். பாகத்தின் விலையைக் கூலி முந்திவிடுகிறது. அதனால்தான் "ஜோடியா மாத்திடலாம் சார்" என்கிறார்கள். அது சரியும்கூட: மழுங்கிய பல்லோடு புதுப் பல்லைப் பூட்டினால் புதுசும் சீக்கிரம் மழுங்கும்.

பிரிப்பது இவ்வளவு பெரிய வேலையானதால், பிரிக்கும் முன் காது கொடுத்துக் கேட்பது முன்னைவிட முக்கியமாகிவிட்டது. நியூட்ரலில் வரும் இரைச்சல் கிளட்ச்சைப் பிடித்ததும் நின்றால் மெயின் ஷாஃப்ட் பேரிங்கைச் சந்தேகிக்கலாம். நிறுத்தத்தில் நியூட்ரல் விழவில்லையென்றால் முதலில் கிளட்ச் கேபிளைப் பார்க்க வேண்டும். கேபிள் சரிசெய்தால் தீர்ந்துபோகும் கோளாறுக்கு இன்ஜினை இறக்குவது வண்டிக்காரருக்குச் செய்யும் அநியாயம். பிளந்தே ஆக வேண்டுமென்றால், கையோடு பேரிங், ஆயில் சீல், கியரை நகர்த்தும் செலக்டர் ஃபோர்க் மூன்றையும் பார்த்துவிட வேண்டும். கியர் பெடல் மேலேயே காலை வைத்து ஓட்டுகிறவரின் வண்டியில் ஃபோர்க்கின் முனை கட்டாயம் கவனிக்க வேண்டிய இடம்.