பூங்காவும் அதற்குச் செல்லும் வழியும்

பிள்ளைகள் விளையாட ஒரு பூங்கா வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆயினும், பூங்கா இருப்பது வேறு. அது பிள்ளைக்கு எட்டுவது வேறு. இவ்வேற்றுமையை ஒல்லாந்தின் தலைநகராகிய அம்ஸ்ரடாமின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

இரண்டாம் உலகப் போருக்கு முன்னரும் அந்நகரில் விளையாட்டிடங்கள் இருந்தன. ஆனால், அவற்றுட் பெரும்பாலானவை சங்கங்களுக்கு உரியவை; வேலியிடப்பட்டவை. அங்கத்தவர் வீட்டுப் பிள்ளைகளே உள்ளே செல்லலாம். ஏனையோருக்கு வீதியே கதி. போர் முடிந்தபின், 1947ஆம் ஆண்டில், மாநகரசபை புதுவழி ஒன்றைக் கண்டது. நகரத் திட்டப் பணியிலிருந்த யாக்கோபா முல்டர் என்னும் அம்மையாரின் தூண்டுதலால், அல்டோ வன் ஐக் என்ற இளம் கட்டடக் கலைஞர் பேர்ட்டல்மன் சதுக்கத்தில் எல்லார்க்கும் பொதுவான விளையாட்டிடம் ஒன்றை அமைத்தார். அகன்ற விளிம்புடைய மணற்றொட்டி, பற்றித் தொங்கிப் புரள உலோகக் கம்பிகள், ஓரத்தில் மரங்கள், பெரியோர் அமர வாங்குகள், அவ்வளவே. சுற்றுமதில் இல்லை.

மதிலின்றிப் பிள்ளைகளுக்குக் காவல் ஏது என்று கேட்கலாம். அவ்விடம் குடியிருப்புக்களின் நடுவே இருந்தது. சன்னலருகே நிற்பவரும், வாங்கில் அமர்ந்த தாயும், வழியே செல்லும் அயலவரும் காவலராயினர். ஆளரவமற்ற இடத்தில் உயர்ந்த மதிலும் பயன்படாது. பலர் கண்படும் இடத்திற் சிறு வரம்பும் போதும்.

இதைக் கண்ட பிற பகுதி மக்கள், தம் அயலிலும் ஒன்று வேண்டுமென மாநகரசபைக்குக் கடிதம் எழுதினர். போரினால் வீடழிந்து வெறிதே கிடந்த நிலங்களும் விளையாட்டிடங்களாயின. 1978ஆம் ஆண்டுக்கிடையில் அவற்றின் தொகை 700ஐக் கடந்தது.

எனினும், இதற்கிடையே வேறோர் ஆபத்து வளர்ந்தது. மோட்டார் வண்டிகள் பெருகின. 1971ஆம் ஆண்டில் மாத்திரம் ஒல்லாந்து வீதிகளில் 400க்கு மேற்பட்ட சிறார்கள் விபத்தில் மாண்டனர். விளையாட்டிடம் அருகில் இருந்தும், அதற்குச் செல்லும் வழி யமன் வாயிலாயிற்று. பெற்றோர் வீதியில் இறங்கிக் கிளர்ச்சி செய்தனர். அதன்பின், 1976ஆம் ஆண்டில், குடியிருப்பு வீதிகளுக்கெனப் புதிய சட்டவிதி வகுக்கப்பட்டது. அவ்வாறு குறிக்கப்பட்ட வீதியில் நடப்போர் அதன் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். பிள்ளைகள் அங்கேயே விளையாடலாம். வண்டிகள் மனிதர் நடக்கும் வேகத்திலேயே செல்லல் வேண்டும் என்று அவ்விதி அன்று கூறிற்று.

ஆகவே, ஒரு பூங்காவை மதிப்பிட விரும்புவோர் அங்குள்ள ஊஞ்சல்களை எண்ணினாற் போதாது. சிறு பிள்ளை ஒன்றின் கையைப் பிடித்துக்கொண்டு, வீட்டுப் படலையிலிருந்து பூங்கா வாயில்வரை ஒருமுறை நடந்து பார்த்தல் வேண்டும். அந்நடையில் எங்கே அக்கையை இறுகப் பற்ற நேர்கின்றதோ, திருத்தம் தொடங்கவேண்டிய இடமும் அதுவே.