சீட்டு நகரணும், பிரேக் எட்டணும்!



பழைய காரில் வண்டி ஓட்டப் பழகும் நம் உறுப்பினர்கள் சிலர், முதுகுக்குப் பின்னால் தலையணை வைத்துக்கொண்டு ஓட்டுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "சீட்டு முன்னாடி வரமாட்டேங்குது, கால் எட்டல" என்பார்கள். உயரமான ஆள் பல வருடம் ஓட்டிய வண்டியில், அவர் வைத்த இடத்திலேயே சீட்டு துருப்பிடித்து நின்றுவிடும். அவசரத்தில் பிரேக்கை ஓங்கி மிதிக்கும்போது தலையணை நசுங்கி, உடம்பு பின்னால் போகும். பிரேக் முழுசாக அழுந்தாது.

இன்னொரு ஆபத்தும் உண்டு. லாக் தேய்ந்த சீட்டு, மேடு ஏறும்போது திடீரென்று பின்னால் ஓடிவிடும். இரண்டுக்குமே மருந்து ஒன்றுதான்: சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயிலைக் கழற்றிச் சுத்தம் செய்து பார்ப்பது.

இங்கே அம்பாசிடர் காரை எடுத்துக்கொள்வோம். இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரை ஒட்டி நம் நாட்டில் செய்யப்பட்ட இந்த வண்டி, மேற்கு வங்கத்தில் உள்ள உத்தர்பாரா ஆலையில் 2014 வரை தயாரானது. இப்போது புதிதாக வருவதில்லை. அதனால் கழற்றும் ஒவ்வொரு சின்னச் சாமானையும் பத்திரமாக வைக்க வேண்டும்.

ரெயில் எப்படி வேலை செய்கிறது?

மேசை டிராயரை நினைத்துக்கொள்ளுங்கள். கீழ் ரெயில் தரையோடு போல்ட் போட்டு நிற்கும். மேல் ரெயில் சீட்டோடு சேர்ந்து அதன்மேல் நகரும். சில வண்டிகளில் நடுவே இரும்புக் குண்டுகளோ உருளைகளோ இருக்கும். கைப்பிடியை இழுத்தால் லாக், பள்ளத்தை விட்டு விலகும். விட்டால் ஸ்பிரிங் அதை மறுபடி உள்ளே தள்ளும். மண், முடி, சிந்திய டீ, காய்ந்த கிரீஸ் எல்லாம் சேர்ந்து இதை அடைத்துவிடும்.

வேலை செய்யும் முறை

1. வண்டியைச் சமதரையில், காற்றோட்டமான இடத்தில் நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள்.

2. கழற்றும் முன் செல்போனில் நாலு பக்கமும் போட்டோ எடுங்கள். திரும்பப் பூட்டும்போது அதுதான் வழிகாட்டி.

3. போல்ட் இறுகியிருந்தால் துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு ராத்திரி ஊறவிடுங்கள். சரியான அளவு ஸ்பேனர் போடுங்கள். அளவு தப்பினால் போல்ட் தலை மழுங்கிவிடும்.

4. சீட்டை இரண்டு பேராகத் தூக்குங்கள். பழைய அம்பாசிடரின் முன் சீட்டு பெஞ்சு மாதிரி ஒரே நீளம், கனம் அதிகம். ஒரு ஆள் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

5. ஸ்பிரிங்கை மெதுவாக விடுவியுங்கள். தெறித்தால் கண்ணில் படும், கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பெரிய தாம்பாளத்துக்கு மேல் வைத்து ரெயிலைப் பிரியுங்கள். குண்டு விழுந்தாலும் தொலையாது. எண்ணி, இடது வலது என்று தனித்தனி டப்பாவில் போடுங்கள்.

6. மண்ணெண்ணெயில் நனைத்த பழைய பிரஷ்ஷால் தேய்த்து, துருவுக்குக் கம்பி பிரஷ் போட்டு, துணியால் ஈரமில்லாமல் துடையுங்கள். பக்கத்தில் அடுப்பு, பீடி, சிகரெட் கூடாது. பெட்ரோலில் கழுவவே கூடாது.

7. இப்போது நன்றாகப் பாருங்கள். ரெயில் வளைந்திருக்கிறதா? லாக் பள்ளம் தேய்ந்திருக்கிறதா? தரைத் தகடு துருவில் உளுத்திருக்கிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மெக்கானிக்கிடமோ வெல்டிங் பட்டறையிலோ காட்டுங்கள். உளுத்த தகட்டில் புது போல்ட் போட்டும் பிரயோஜனம் இல்லை.

8. நகரும் இடத்தில் மட்டும் கிரீஸை மெலிசாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் மண் ஒட்டி, பழைய கதைதான். சமையல் எண்ணெய் விடாதீர்கள், பிசுக்காகிவிடும்.

9. பூட்டும்போது எல்லா போல்ட்டையும் முதலில் கையால் தளர்வாகப் போடுங்கள். சீட்டை முன்னும் பின்னும் நகர்த்திப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஓடினால் பிறகு இறுக்குங்கள். போல்ட் மாற்ற வேண்டியிருந்தால் அதே அளவும் அதே பலமும் உள்ளதாக வாங்குங்கள்.

கடைசிச் சோதனை

இன்ஜினை அணைத்துவிட்டு உட்கார்ந்து, காலால் தரையை உந்திச் சீட்டைப் பின்னால் தள்ளிப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் லாக் பிடிக்க வேண்டும். பிறகு பிரேக்கையும் கிளட்சையும் அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருந்தால் அதுதான் உங்கள் இடம். வண்டி ஓடும்போது சீட்டை நகர்த்தவே கூடாது.

கவனிக்க: ஏர்பேக் உள்ள புதிய கார்களில் சீட்டுக்கு அடியில் அதற்கான ஒயர்கள் போகலாம். அந்தச் சீட்டை நாம் கழற்ற வேண்டாம், பயிற்சி பெற்ற மெக்கானிக்கிடம் விடுங்கள்.

தோழிகளே, "இதெல்லாம் ஆம்பள வேலை" என்று சிலர் சொல்வார்கள். தையல் மிஷினைப் பிரித்து, எண்ணெய் விட்டு, மறுபடி பூட்டுகிற கைக்கு இது முடியாத காரியம் இல்லை. சீட்டு கவர் தைக்கும் குழுக்கள் கவர் மாற்றச் சீட்டை இறக்கும்போதே ரெயிலையும் சுத்தம் செய்து கொடுத்தால், கூலியில் அதையும் சேர்த்துக் கேட்கலாம்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இதை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். வண்டி ஓட்டும் அக்கா, தங்கை யாராவது தலையணை வைத்து ஓட்டினால், முதலில் அந்தச் சீட்டைச் சரிசெய்யுங்கள். ஓட்டுகிற பெண்ணுக்குத் தகுந்தபடி சீட்டு நகர வேண்டும். சீட்டுக்குத் தகுந்தபடி அவள் எட்டிப் பிடிக்கக் கூடாது.