ஆங்கில இயைபும் தமிழ் எதுகையும்

செய்யுளின்பம் செவிவழியே நுகரப்படுவது. எனினும் எவ்வொலி எவ்வொலியோடு ஒத்தது என்னும் தீர்ப்பு எல்லா மொழியினர்க்கும் ஒன்றன்று. கல்முனை, சாய்ந்தமருது, சம்மாந்துறை, அக்கரைப்பற்று முதலாய ஊர்களில் நாட்டார் கவி கேட்டு வளர்ந்த மாணவனின் செவி, அடியின் முதலில் எதுகையை எதிர்நோக்கும். ஆங்கிலப் பாட்டோ அடியின் ஈற்றில் இயைபை வைக்கும். இடம் மாறுவது பேரிடர்ப்பாடன்று. ஒப்புமைக்குரிய விதி மாறுவதே இடர்ப்பாடாகும்.

முதலெழுத்து அளவொத்து நிற்க, இரண்டாமெழுத்து ஒன்றிவருதல் எதுகை. 'பட்டு', 'கட்டு' என்பன எதுகையாம். 'பட்டு', 'பாட்டு' என்பன ஆகா. குறிலும் நெடிலும் அளவொவ்வாமையே காரணம். இவ்விதியை அறிந்தவனுக்கு ஆங்கிலத்தின் ஒரு பகுதி எளிதில் விளங்கும். கப்பலைக் குறிக்கும் 'ஷிப்' என்பது உதட்டைக் குறிக்கும் 'லிப்' என்பதனோடு இயையும். செம்மறியாகிய 'ஷீப்' உறக்கமாகிய 'ஸ்லீப்' என்பதனோடு இயையும். இவ்விரண்டையும் மாறிப் பிணைத்தல் பிழையென்பதைத் தமிழ்ச் செவியே உணர்த்திவிடும்.

ஆயின், அதே செவி வழுவச் செய்யும் இடமும் உண்டு. எதுகைக்கு முதலெழுத்தின் அளவு ஒத்தாற் போதும். உயிர் ஒன்றாதல் வேண்டா. 'நெல்லு', 'வில்லு', 'புல்லு' என்பன குறைவற்ற எதுகைகள். ஆங்கில இயைபிலோ அழுத்தம் பெறும் உயிரும் அதன் பின்வரும் ஒலி அனைத்தும் ஒன்றாதல் வேண்டும். ஆதலின் குன்றாகிய 'ஹில்' என்பதும் மணியாகிய 'பெல்' என்பதும் ஆங்கிலேயர்க்கு அரையியைபே. நமக்கு நிறைவானது அவர்க்குக் குறையாகின்றது. அக்குறையையே அழகாகக் கொண்டோரும் அவருள் உளர். முதலாம் உலகப் போரில், 1918 இல், மாண்ட வில்பிரட் ஓவன் மெய்களை நிறுத்தி உயிரை மாற்றும் இயைபைப் போரின் அவலம் பாடக் கையாண்டார்.

காலத்தைக் குறிக்கும் 'ரைம்', வரியைக் குறிக்கும் 'லைன்' ஆகியவற்றை இணைக்கும் வழக்கமும் இத்தகையதே. மகரமும் னகரமும் மெல்லினமாதலின், நம் யாப்பு நூலோர் கூறும் இனவெதுகையோடு இதனை ஒப்பிடலாம்.

இனி, எழுத்தும் மாணவனை ஏமாற்றும். உணவாகிய 'பூட்', நன்மையாகிய 'குட்', குருதியாகிய 'பிளட்' ஆகிய மூன்றும் ஆங்கிலத்தில் ஒரேவகை ஈற்றெழுத்துக்களால் எழுதப்படுவன. ஒலியால் ஒன்றோடொன்று இயையாதன. உச்சரிப்பு மாறியும் எழுத்து மாறாது நின்றமையின் விளைவு இது. தமிழெழுத்தும் ஒருவகையில் மறைக்கும். பூட்டும் மரக்கட்டையும் நம் எழுத்தில் 'லொக்' என்றே அமையும். ஆங்கிலத்தில் முன்னையது வல்லோசையில் முடிந்து கடிகாரத்தின் பெயரோடும், பின்னையது மெலிந்த ஓசையில் முடிந்து நாயின் பெயரோடும் இயையும்.

இருமொழிச் செவியும் வாய்க்கப்பெற்றவர், கல்முனைக்கு அயலூராகிய காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் (1892–1947). 1926 இல் வெளிவந்த மதங்கசூளாமணியில் அவர் சேக்சுபியரின் நாடகப் பகுதிகளைத் தமிழ்ச் செய்யுளாக்கினார். மூலத்தின் பெரும்பகுதி ஈற்றியைபற்ற செய்யுளால் இயன்றது. தமிழிலோ எதுகையும் மோனையும் இன்றிச் செய்யுள் சிறவாது. ஆதலின் மூலத்தில் இல்லாத தொடை தமிழில் அமைய வேண்டியதாயிற்று. புலவர் பெயரையே அவர் 'செகசிற்பியார்' எனத் தமிழ்ப்படுத்தினார். ஒலி மூலத்தை அணுகியது; உலகைச் செதுக்கிய சிற்பி என்னும் பொருளும் உடன் வாய்த்தது.

ஆகவே, ஆங்கிலப் பாட்டைக் கற்கும் மாணவன் முதலில் அதனை வாய்விட்டுப் படித்தல் வேண்டும். அளவொத்ததா என்று வினவத் தமிழ் அவனுக்கு முன்னரே கற்பித்துள்ளது. உயிரும் ஒத்ததா, ஈற்றோசையும் ஒத்ததா என்னும் இரு வினாக்களையே அவன் புதிதாகப் பயிலுதல் வேண்டும்.