தராசும் தங்கப் பதக்கமும்

'உலகிலேயே சிறந்த குத்துச்சண்டை வீரர் யார்?' என்று விடுதியில் ஒரு கேள்வியை எழுப்பிவிட்டால் போதும். அன்றிரவு எவரும் உறங்கமாட்டார்கள். ஒருவர் முகமது அலி என்பார். மற்றொருவர் மேரி கோம் என்பார். இருவரும் பதக்கங்களையும் பட்டங்களையும் எண்ணியே வாதிடுவர். பதக்கத்தை எண்ணுவது எளிது. அதனை எடைபோடுவது அரிது. எடைபோடும் வழி ஒன்றை எனக்குத் தெரிந்த அளவில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

திருக்குறளில் 48, 49, 50-ஆம் அதிகாரங்கள் முறையே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்பன. அரசனுக்காக வகுக்கப்பட்ட இம்மூன்றும் குத்துச்சண்டை வீரனுக்கும் பொருந்தக் காண்கிறேன். எந்த எடைப்பிரிவில் மோதுவது என்பது வலியறிதல். எப்போது களம் புகுவது, எப்போது விலகுவது என்பது காலமறிதல். எந்த அரங்கைத் தேர்ந்தெடுப்பது என்பது இடனறிதல். கைமுட்டியின் பலம் எல்லாச் சாம்பியன்களுக்கும் உண்டு. அவர்கள் புகழின் அளவை முடிவு செய்வன இம்மூன்றுமே.

வலி

ஒத்த எடை உள்ளவர்களே ஒருவரோடொருவர் மோத வேண்டும் என்பது குத்துச்சண்டையின் அடிப்படை நீதி. போட்டியன்று வீரர் தராசில் ஏறி நிற்க வேண்டும். எடை கூடியிருந்தால் களத்துக்கே போக முடியாது. எனவே சிலர் உணவையும் நீரையும் குறைத்து, வியர்வை சிந்தி எடையை இறக்குகின்றனர்; எடையோடு பலமும் இறங்கிவிடும் ஆபத்து உண்டு. மேல் பிரிவுக்குச் செல்வோர்க்கு வேறு தொல்லை. இயல்பிலேயே பெரிய உடலும் நீண்ட கைகளும் உடையவர்கள் அங்கே காத்திருப்பார்கள்.

மணிப்பூரின் மேரி கோம் 2002-இல் 45 கிலோ பிரிவிலும், 2005, 2006, 2008 ஆண்டுகளில் 46 கிலோ பிரிவிலும், 2010-இல் 48 கிலோ பிரிவிலும் உலகத் தங்கம் வென்றவர். 2012-இல் லண்டனில்தான் மகளிர் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. ஆடவர்க்குப் பத்துப் பிரிவுகள். மகளிர்க்கோ 51, 60, 75 கிலோ என மூன்றே! ஐந்து முறை உலகை வென்றவருக்கு அவருடைய எடையில் இடமில்லை. உடலைக் கூட்டி 51 கிலோ பிரிவில் இறங்கினார். அரையிறுதியில் பிரிட்டனின் நிக்கோலா ஆடம்ஸிடம் தோற்று வெண்கலம் பெற்றார். 2018-இல் புதுதில்லியில் மீண்டும் 48 கிலோவுக்கு வந்து ஆறாவது உலகத் தங்கத்தை வென்றார். 'ஒலிம்பிக்கில் வெண்கலந்தானே!' என்பவர்கள் தராசைப் பார்க்காதவர்கள் என்றே சொல்வேன்.

எங்கள் ஓவேலியில் தராசின் அருமையை எவரும் சொல்லித் தர வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் பறித்த கொழுந்தை நிறுத்த பிறகுதான் ஒரு நாளின் உழைப்பு கணக்கில் ஏறும். ஆனால் மழைக்குப்பின் செடி தளதளவென்று துளிர்க்கும்போது பறித்த பத்துக் கிலோவும், பனியில் இலை கருகிய நாட்களில் தேடித்தேடிப் பறித்த பத்துக் கிலோவும் ஒன்றாகுமா? ஏட்டில் எண் ஒன்றுதான், உழைப்பு வேறு. பதக்கங்களையும் இப்படித்தான் படிக்க வேண்டும்.

ஆடவர்க்கும் இச்சங்கடம் வந்தது. 1968 முதல் 2016 வரை ஒலிம்பிக்கில் இருந்த மிக இலகுவான பிரிவு டோக்கியோவில் நீக்கப்பட்டது. 2018 ஆசிய விளையாட்டில் 49 கிலோ பிரிவில் தங்கம் வென்ற அமித் பங்கால் 52 கிலோவுக்கு மாற நேர்ந்தது. 2019-இல் அப்பிரிவில் உலக வெள்ளி பெற்றபோதிலும் டோக்கியோவில் முதல் மோதலிலேயே வீழ்ந்தார். எடை ஒன்றே காரணம் என்று நான் வாதிடமாட்டேன். அவரை வென்ற கொலம்பிய வீரர் மார்ட்டினெஸும் 2016-இல் 49 கிலோவில் வெள்ளி வென்றவரே. எனினும் இருவரும் தம் சொந்த எடையை விட்டு வந்தவர்கள் என்பதை மறக்கலாகாது.

காலம்

முகமது அலி 1967-இல் வியத்நாம் போருக்காகப் படையில் சேர மறுத்தார். பட்டம் பறிபோயிற்று, 1970 அக்டோபர் வரை களம் காண இயலவில்லை. ஒரு வீரனின் உடல் உச்சத்தில் இருக்கும் ஆண்டுகள் அவை. ஆயினும் அந்த இழப்பே அவர் பெயரை விளையாட்டரங்குக்கு வெளியேயும் நிலைநிறுத்தியது. அதே அலி 1979-இல் ஓய்வை அறிவித்தார். 1980 சனவரியில் சென்னைக்கு வந்து காட்சிப் போட்டியில் கலந்துகொண்டார். அத்துடன் நின்றிருக்கலாம். அவ்வாண்டு அக்டோபரில் லாரி ஹோம்ஸை எதிர்த்து மீண்டும் இறங்கி, பதினோராம் சுற்றுக்கு எழ முடியாமல் தோற்றார்.

ஒருவர் களத்தில் நீடிப்பது பிறர் வாழ்வையும் தொடும். 2019 டிசம்பரில் நடந்த தேர்வுப் போட்டியில் நிகத் சரீனை மேரி கோம் வென்றதால், நிகத்துக்கு டோக்கியோ வாய்ப்பு இல்லாமற் போயிற்று. காத்திருந்த நிகத் 2022-இல் 52 கிலோவிலும் 2023-இல் 50 கிலோவிலும் உலகத் தங்கம் வென்றார். ஆனால் 2024 பாரிஸில் தரவரிசை இடம் இன்றி இறங்கியதால், பதினாறு பேர் சுற்றிலேயே முதலிடத்துச் சீன வீராங்கனை வூ யூவைச் சந்தித்துத் தோற்றார்.

இடம்

விஜேந்தர் சிங் 2008-இல் பெய்ஜிங்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வென்று, குத்துச்சண்டையில் இந்தியாவின் முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றவர். 2015-இல் தொழில்முறைக் குத்துச்சண்டைக்கு மாறினார். 2016-இல் ஆசிய பசிபிக் பட்டமும் கிடைத்தது. பொருளும் புகழும் அங்கே உண்டு. ஆனால் பட்டத்தின் மதிப்பை அளப்பது கடினம். பண்டு எட்டே பிரிவுகள் இருந்த காலத்தில், 1938-இல், ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஒரே நேரத்தில் மூன்று உலகப் பட்டங்களை வைத்திருந்தார். இன்றோ பதினேழு பிரிவுகள். பட்டம் வழங்கும் பெரிய அமைப்புகள் நான்கு! விஜேந்தரைப் பற்றி மக்கள் இன்றும் முதலில் சொல்வது பெய்ஜிங் வெண்கலத்தைத்தான்.

இராணுவ வீரரான ஹவா சிங் 1966, 1970 ஆசிய விளையாட்டுகளில் மிகு எடைப் பிரிவில் தங்கம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் அவருக்கு இல்லை. ஓய்வுக்குப்பின் அரியானாவின் பிவானியில் இளைஞர்களைப் பயிற்றுவித்தார். அந்தப் பிவானியில் வளர்ந்தவர்தான் விஜேந்தர். தாம் தேர்ந்த இடத்தாலேயே ஹவா சிங் பதக்கத்தினும் நெடிய புகழைப் பெற்றார் எனலாம்.

நமக்கு என்ன?

நம் மலைப்பகுதி மாணவ மாணவியரில் மெலிந்த உடலினர் பலர். 'இந்த உடம்புக்குக் குத்துச்சண்டையா?' என்ற ஏளனம் கேட்டு ஒதுங்குவோரும் உண்டு. 45, 46, 48 கிலோ எடையில் ஒரு பெண் உலகை வென்றிருக்கிறார் என்பதை அவர்களுக்குச் சொல்ல வேண்டும். 2025-இல் லிவர்பூலில் 48 கிலோ பிரிவில் மீனாட்சியும் உலகத் தங்கம் வென்றிருக்கிறார். அதே மூச்சில் இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்: 2012 முதல் 2024 வரை நடந்த நான்கு ஒலிம்பிக்குகளிலும் மகளிர்க்கு 48 கிலோ பிரிவு இருந்ததில்லை. பயிற்சியைத் தொடங்குமுன் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று கேட்டறிவது கோழைத்தனமன்று. அதுவும் வலியறிதலின் ஒரு பகுதியே. திறவாத வாசலைத் தட்டிக்கொண்டே இருப்பது நம் அனைவரின் கடமை.