மண்ணைத் தொடாத மோட்டார்

பிரிட்டனில் காய்கறி பயிரிடுவதற்காக உள்ளாட்சி அமைப்பிடமிருந்து வாடகைக்கு எடுக்கும் துண்டு நிலத்தை அலாட்மென்ட் என்கிறார்கள். வீட்டுக் கொல்லை வேறு, இது வேறு. ஊரின் ஓரத்தில், ரயில் பாதையை ஒட்டியோ ஆற்றங்கரையிலோ, ஐம்பதும் நூறுமாகத் துண்டுகள் வரிசையாகக் கிடக்கும் நிலத்தில் ஒருவருக்குக் கிடைக்கும் பங்கு. முழுத் துண்டு ஒன்றின் அளவை இன்றும் பழைய கணக்கில் பத்து ‘ராட்’ என்றே சொல்கிறார்கள். சுமார் 250 சதுர மீட்டர், நம் கணக்கில் ஆறு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். கேட்பவர்களுக்கு இப்படி நிலம் ஒதுக்கித் தரும் பொறுப்பை 1908ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளாட்சிகள் மீது சுமத்தியது. அதில் விளைவது பெரும்பாலும் பயிரிடுபவரும் அவர் குடும்பமும் உண்ணும் காய்கறியும் பழமுமாக இருக்க வேண்டும் என்று 1922ஆம் ஆண்டுச் சட்டம் வரையறுத்தது. இரண்டாம் உலகப் போரின்போது இத்தகைய துண்டுகள் சுமார் 14 லட்சம் இருந்தன. இன்று அதில் சிறு பகுதிதான் மிச்சம்; பல நகரங்களில் பெயரைப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டும். இந்த நிலங்களில் பொதுவாகத் தண்ணீர்க் குழாய் இருக்கும், மின்சாரம் இருக்காது. ஆகவே நீண்ட காலம் இங்கே இயந்திரம் என்றால் பெட்ரோலில் ஓடுவது, இல்லையென்றால் கைக்கருவிதான். கடந்த இருபது ஆண்டுகளில் மூன்றாவதாக ஒன்று வந்து சேர்ந்தது: வீட்டில் சார்ஜ் செய்து பையில் போட்டு எடுத்துவரும் பேட்டரியில் ஓடும் கருவிகள். அவை வேண்டுமா வேண்டாமா என்ற வாதத்தை விட, அவற்றை எங்கே நிறுத்த வேண்டும் என்ற கேள்விதான் பயனுள்ளது. தோட்டத்தின் ஓரங்களை மோட்டாரிடம் விட்டுவிடலாம், பாத்தியை விடக்கூடாது என்பது என் கட்சி.

அலாட்மென்ட் வைத்திருப்பவருக்கு உண்மையில் பற்றாக்குறை எது என்று பார்த்தால் இது விளங்கும். வாடகை பெரிதல்ல, விதையும் பெரிதல்ல. நேரம்தான் இல்லை. வேலைக்குப் போகிறவர் வாரக் கடைசியில் ஒரு தடவை, கோடை மாலைகளில் இன்னும் ஓரிரு தடவை வருவார். புல்லோ ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை இடைவிடாமல் வளரும். நனைந்த மே மாதத்தில் இரண்டு வாரம் எட்டிப் பார்க்காவிட்டால் நடைபாதை மறைந்துவிடும். நிலத்தைத் தரிசாகப் போடக்கூடாது என்பது ஒப்பந்தத்தில் வழக்கமாக இருக்கும் நிபந்தனை. களை மண்டினால் எச்சரிக்கைக் கடிதம் வரும், அதற்குப் பிறகும் திருந்தாவிட்டால் நிலம் கைமாறும். புதிதாக வருபவருக்குக் கிடைப்பது பெரும்பாலும் முன்னவர் கைவிட்டுப் போன முள்புதர். விதைப்பதற்கும் நடுவதற்கும் ஆகும் நேரம் கொஞ்சம்தான். இடுப்பை ஒடிப்பது பாத்திக்கு வெளியே உள்ள வேலை. பாதையில் புல், எல்லையில் வேலிச்செடி, கொட்டகைக்குப் பின்னால் பரவும் முள்கொடி, இற்றுப்போன பாத்திச் சட்டம். இதில் எதுவும் ஒரு தக்காளியைக் கூட விளைவிக்காது. ஆனால் இதைச் செய்யாவிட்டால் தக்காளி போடும் உரிமையே போய்விடும்.

கருவிகளின் வரலாற்றை நீட்டத் தேவையில்லை. வயரில்லா டிரில்லிங் மெஷினை பிளாக் அண்ட் டெக்கர் நிறுவனம் 1961இல் கொண்டுவந்தது. பத்து ஆண்டு கழித்து, 1971இல், அப்பல்லோ 15 விண்வெளி வீரர்கள் நிலவின் தரையைப் பேட்டரித் துளைப்பானால் துளைத்தார்கள். நிலவில் பிளக் பாயின்ட் இல்லை, அலாட்மென்ட்டிலும் இல்லை, தேவை ஒன்றுதான். அதே 1971இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலஸ் என்பவர், கார் கழுவும் நிலையத்தில் சுழலும் தூரிகைகளைப் பார்த்து, நைலான் இழையைச் சுழலவிட்டுப் புல்லை அறுக்கும் கருவியை உருவாக்கினார். இவை இரண்டும் ஒன்றாகச் சேர நல்ல பேட்டரி இல்லாததுதான் தடை. நிக்கல் காட்மியம் பேட்டரி கனம் அதிகம், சரக்கு குறைவு. லித்தியம் அயனி பேட்டரியை 1991இல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் அடிப்படையை அமைத்த மூவருக்கு 2019இல் வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது. 2005ஐ ஒட்டி அது கைக்கருவிகளுக்குள் நுழைந்த பிறகே புல்வெட்டி, வேலி கத்தரிக்கும் இயந்திரம், சிறு ரம்பம் எல்லாம் ஒரே பேட்டரியில் ஓடத் தொடங்கின.

இனி அந்தப் பேட்டரிக்குள் எவ்வளவு சக்தி இருக்கிறது என்று கணக்குப் பார்ப்போம், ஏனென்றால் என் வாதத்தின் பாதி இதில்தான் நிற்கிறது. 18 வோல்ட், 5 ஆம்பியர்-மணி என்று அச்சிட்ட வழக்கமான பேட்டரி ஒன்றில் 90 வாட்-மணி மின்சாரம் இருக்கும். உடல் வலுவுள்ள ஒருவர் தொடர்ந்து கொடுக்கக்கூடிய உழைப்பு சுமார் 75 வாட் என்பதால், ஒரு மணி நேரத்துக்கு மேற்பட்ட மனித உழைப்பு உள்ளங்கையில் அடங்கும் அந்தப் பெட்டியில் கிடக்கிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. பெட்ரோலோடு ஒப்பிட்டால் அதே பேட்டரி இரண்டு தேக்கரண்டி, அதாவது சுமார் 10 மில்லி பெட்ரோலுக்குச் சமம். சிறிய இன்ஜின் பெட்ரோலின் பெரும்பகுதியைச் சூடாக வீணடிக்கும், மின் மோட்டார் அப்படிச் செய்யாது என்பதையும் சேர்த்தாலும் ஐம்பது மில்லியைத் தாண்டாது. இருநூறு முந்நூறு வாட் இழுக்கும் புல்வெட்டிக்கு இது இருபது நிமிடத்துக்கு வரும். ஒரு துண்டு நிலத்தின் நாற்புற ஓரத்தையும் நடுப்பாதையையும் வெட்டி முடிக்க அது போதும். வேலி கத்தரிக்க இன்னும் நேரம் தாங்கும். ஆனால் மண்ணைப் புரட்டும் ரோட்டவேட்டருக்கு மூன்று நான்காயிரம் வாட் வேண்டும். அதே பேட்டரி ஒன்றரை நிமிடத்தில் தீர்ந்துவிடும். பேட்டரியில் ஓடும் சிறு உழுகருவிகளும் கடையில் கிடைக்கின்றன. ஏற்கெனவே பொலபொலவென்று இருக்கும் மண்ணின் மேல்பரப்பை அவை கிளறும். கெட்டிப்பட்ட களிமண்ணில் துள்ளும்.

அப்படியானால் பெரிய பேட்டரி போட்டால் தீர்ந்ததா? தீராது, இங்கேதான் செடிகளின் இயல்பு குறுக்கே வருகிறது. பிரிட்டன் அலாட்மென்ட்களின் மூன்று பெரும் எதிரிகள் கவுச் புல், பைண்ட்வீட் கொடி, குதிரைவால். மூன்றுமே மண்ணுக்கடியில் தண்டோ வேரோ ஓடவிட்டுப் பரவுபவை. கவுச் புல்லின் நிலத்தடித் தண்டில் கணு உள்ள சிறு துண்டு ஒன்று கிடந்தாலும் அது தனிச் செடியாகும். அருகம்புல்லும் கோரையும் மண்டிய வயலில் ரோட்டவேட்டர் ஓட்டிய நம் விவசாயிகளுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. அன்றைக்கு நிலம் துடைத்ததுபோல் இருக்கும். மூன்று வாரத்தில் ஒரு செடி இருந்த இடத்தில் பத்து முளைக்கும். சுழலும் கத்திக்குத் தண்டை வெட்டத் தெரியும், பொறுக்கி எடுக்கத் தெரியாது. நான்கு பல் கொண்ட முள்வாரியால் மண்ணைத் தளர்த்தி, வெள்ளை வேரை முறியாமல் விரலால் உருவி எடுப்பதுதான் முதல் வழி. அதற்கும் பொறுமை இல்லையென்றால் அட்டைப் பெட்டிகளை விரித்து மேலே மட்கிய உரத்தைக் கனமாகக் கொட்டி, வெளிச்சம் இல்லாமல் களையைச் சாகவிடலாம். சாமர்செட் பகுதியில் காய்கறி பயிரிடும் சார்லஸ் டவுடிங் பல ஆண்டுகளாகப் பரப்பிவரும், மண்ணைக் கிளறாத முறை இதுதான். இதில் மோட்டாருக்கு வேலையே இல்லை. ஆக, இயற்பியல் போட்ட கோடும் தாவரவியல் போட்ட கோடும் ஒரே இடத்தில் விழுகின்றன: பேட்டரிக்கு முடியாத வேலையே மண்ணுக்கு ஆகாத வேலையாகவும் இருக்கிறது. (டிரில்லில் பெரிய திருகுமுனையைப் பூட்டி நாற்றுக்குக் குழி போடுவதையும் சிலர் விரும்புகிறார்கள். உடைந்த மண்வெட்டிக் காம்பைக் கூராக்கினால் அதே குழி விழும்.)

பெட்ரோல் கருவியின் ஆதரவாளர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆள் உயர முள்புதரை முதல் முறை அழிக்கும்போது உலோகக் கத்தி பூட்டிய பெட்ரோல் இயந்திரத்தை 18 வோல்ட் புல்வெட்டி நெருங்க முடியாது; நைலான் இழை முள்கொடியில் சுற்றிக்கொண்டு அறுந்துபோகும். ஆனால் அது ஒரே ஒரு நாள் வேலை, அந்த நாளுக்கு மட்டும் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். மீதி ஆண்டெல்லாம் அந்த இன்ஜின் கொட்டகையில் சும்மா கிடக்கும், அப்படிக் கிடப்பதுதான் அதற்கு ஆகாது. 2021 செப்டம்பரிலிருந்து பிரிட்டனின் சாதாரணப் பெட்ரோலில் பத்து சதவீதம் வரை எத்தனால் கலக்கிறார்கள். எத்தனால் ஈரத்தை இழுக்கும். குளிர்காலம் முழுவதும் டேங்கில் பழைய பெட்ரோலோடு நின்ற கருவி வசந்தத்தில் கிளம்ப மறுப்பதற்கு இதுவும் ஒரு காரணம். புகையும் சின்ன விஷயம் அல்ல. சாதாரண டூ ஸ்ட்ரோக் இன்ஜினில் எரிபொருளில் கணிசமான பங்கு எரியாமலே வெளியேறும். தொழில்முறை இலையூதி ஒன்று ஒரு மணி நேரத்தில் விடும் புகைமூட்ட மாசு, புதிய டொயோட்டா கேம்ரி கார் ஏறத்தாழ 1,100 மைல் ஓடினால் விடும் அளவுக்குச் சமம் என்று கலிபோர்னியாவின் காற்றுவள வாரியம் கணக்கிட்டது. இது புகைமூட்டத்தை உண்டாக்கும் வாயுக்களின் கணக்கு, கரியமில வாயுவின் கணக்கு அல்ல. அந்த வேறுபாட்டை மறைத்து இந்த எண்ணைச் சொல்வது சரியில்லை. ஆனால் கருவியைப் பிடித்திருப்பவரின் மூக்கு இன்ஜினிலிருந்து ஒரு முழத் தூரத்தில் இருப்பதால், அவரைப் பொறுத்தவரை முக்கியமானது முதல் கணக்குதான்.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு குரல் வருகிறது: தோட்ட வேலை உடலுக்கும் மனதுக்கும் நல்லது என்றுதானே வருகிறோம், அதையும் இயந்திரத்திடம் கொடுப்பானேன்? பாத்தியை விட்டுத் தரச் சொன்னால் நானும் அப்படித்தான் கேட்பேன். ஓரத்துப் புல்லைக் குனிந்து கத்தரிப்பதில் அந்த நன்மை எவ்வளவு என்பதை மூட்டுவலி உள்ள எழுபது வயதுக்காரரிடம் கேட்க வேண்டும். அலாட்மென்ட்களில் ஓய்வு பெற்றவர்கள் நிறைய. வேலி கத்தரிக்க முடியாமல் நிலத்தையே திருப்பித் தருவதை விட, மோட்டாரை வைத்துக்கொண்டு களைக்கொட்டையும் கையில் வைத்திருப்பது மேல். இதைவிட வலுவான ஆட்சேபம் உயிரினங்கள் பற்றியது. முள்ளெலி ஆபத்து வந்தால் ஓடாது, சுருண்டு கொள்ளும். உயர்ந்த புல்லுக்குள் அது கிடக்கும்போது சுழலும் இழை அதைக் கிழித்துவிடும். தவளைக்கும், பாம்புபோல் தோன்றும் காலில்லாப் பல்லியான ஸ்லோ-வர்முக்கும் அதே கதி. முதலில் குச்சியால் துழாவி, அரை அடி உயரம் விட்டு மேலே மட்டும் வெட்டி, பிறகு தாழ வெட்டினால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். பறவை குடியிருக்கும் கூட்டைக் கலைப்பது 1981ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி குற்றம் என்பதால் மார்ச் முதல் ஆகஸ்ட் வரை வேலியைத் தொடாமல் விடுவதுதான் முறை. இளம் ஆப்பிள் மரத்தின் அடியில் நைலான் இழையைக் கொண்டுபோகவும் கூடாது. பட்டையைச் சுற்றிலும் உரித்துவிட்டால் மரம் செத்துப்போகும். அந்த ஒரு முழ வட்டம் கைக்கத்தரிக்கு உரியது.

கடைசியாகச் செலவும் லித்தியமும். இரண்டையும் ஒன்றாகவே பேச வேண்டும், ஏனென்றால் இரண்டிலும் சிக்கல் கருவியில் இல்லை, பேட்டரியில்தான். பேட்டரியும் சார்ஜரும் இல்லாத வெற்றுக் கருவி மலிவு. பேட்டரி வாங்கப் போனால் பல சமயம் கருவியின் விலையை எட்டும். ஒரு நிறுவனத்தின் பேட்டரி இன்னொன்றில் பொருந்தாது. சில நிறுவனங்கள் கூட்டணி அமைத்துப் பொதுப் பேட்டரிக்கு வந்திருந்தாலும் பெரும்பாலோர் தங்கள் வடிவத்தை விடவில்லை. அதற்குள் இருக்கும் லித்தியமும் நிக்கலும் கோபால்ட்டும் எங்கோ ஒரு நிலத்தைத் தோண்டி வந்தவை. உலகின் கோபால்ட்டில் பெரும்பகுதி காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வருகிறது, அங்கே சுரங்கங்களின் நிலைமை சொல்லும்படி இல்லை. இதற்கு ‘பெட்ரோலும்தான் கெடுதல்’ என்று பதில் சொல்வது சோம்பேறித்தனம். கணக்கு இப்படிப் போகிறது. ஒரு லித்தியம் பேட்டரி ஏறக்குறைய 500 முறை முழுதாகச் சார்ஜ் ஏற்றி இறக்குவதைத் தாங்கும் என்று வைத்துக்கொண்டால், வளர்பருவத்தில் வாரம் ஒரு முறை என ஆண்டுக்கு இருபத்தைந்து தடவை பயன்படுத்தும் ஒருவருக்கு அது இருபது ஆண்டு வர வேண்டும். வராது. லித்தியம் பேட்டரி உழைப்பால் மட்டுமல்ல, வயதாலும் தேயும். சும்மா அலமாரியில் இருந்தாலும் உள்ளே வேதிமாற்றம் நடந்துகொண்டே இருக்கும். முழுச் சார்ஜோடு வெயிலில் காயும் கொட்டகையில் வைத்தால் வேகமாக, பாதிச் சார்ஜில் குளுமையான இடத்தில் வைத்தால் மெதுவாக. உறைநிலைக்குக் கீழே சார்ஜ் ஏற்றினால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து கெடும். ஆகவே தனி ஒருவர் வாங்கும் பேட்டரி, அதன் திறனில் பாதியைக் கூடக் கொடுக்காமல் முதுமையில்தான் சாகிறது. நூறு துண்டுகள் உள்ள இடத்தில் நூறு பேர் இப்படி வாங்குவதுதான் உண்மையான வீண்.

நான்கு பேட்டரி, ஒரு புல்வெட்டி, ஒரு வேலிக் கத்தரி ஆகியவற்றை இருபது பேர் பொதுவில் வைத்துக்கொண்டால், செலவு ஆளுக்குச் சிறு தொகையாகும். பேட்டரியும் வயதாகிச் சாவதற்கு முன் உழைத்துத் தேயும். பல அலாட்மென்ட் சங்கங்கள் எருவையும் விதையையும் மொத்தமாக வாங்கிப் பகிர்ந்துகொள்வதால் இது அவற்றுக்குப் புதிய பழக்கமும் அல்ல. பகிர்ந்தால் யாரும் பார்த்துக்கொள்ள மாட்டார்கள் என்ற கவலை நியாயமானது. அதற்கு வழி, கருவியைப் பொதுவில் வைத்து, பேட்டரியைப் பூட்டிய கொட்டகையில் விடாமல் இருவர் பொறுப்பில் வீட்டில் வைப்பது. திருட்டுப் பயமும் குளிரில் சார்ஜ் போடும் தவறும் அதோடு போகும். கெட்டுப்போன பேட்டரியைக் குப்பைத் தொட்டியில் போடாமல் கடைக்குத் திருப்பித் தருவதும் அந்த இருவர் வேலை. குப்பை லாரியில் நசுங்கும் லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். ஆண்டுக்கு 32 கிலோவுக்கு மேல் பேட்டரி விற்கும் பிரிட்டிஷ் கடைகள் பழையவற்றை இலவசமாக வாங்கிக்கொள்ள வேண்டும் என்று சட்டமும் இருக்கிறது. இருபது பேருக்கு மே மாதச் சனிக்கிழமைகளை எப்படிப் பங்கிடுவது என்பதைத்தான் சங்கம் உட்கார்ந்து பேச வேண்டியிருக்கும்.