பார்சல் அவர்களுடையது, முகவரி நம்முடையது

'உங்கள் பொதி களஞ்சியத்துக்கு வந்துவிட்டது. முகவரி முழுமையாக இல்லாததால் ஒப்படைக்க முடியவில்லை. கீழேயுள்ள லிங்க்கை அழுத்தி விவரங்களைத் திருத்துங்கள்.'

தபால் திணைக்களத்தின் பெயரைப் போட்டுக்கொண்டு ஆங்கிலத்தில் வரும் போலிக் குறுஞ்செய்திகளின் சாரம் இதுதான். கண்டியில் வசிப்பவர்கள் இதை நம்பிவிடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. இங்கே முகவரி என்பதே பாதி உண்மை. மலைச்சரிவில் ஒரு காணி மூன்று பிள்ளைகளுக்குப் பிரிந்ததும் 117 என்ற வீடு 117/ஏ ஆகி, பிறகு 117/ஏ/2 ஆகிறது. மஹியாவையின் நெருக்கமான வரிசை வீடுகளிலும், ஹந்தானைச் சரிவின் ஒழுங்கைகளிலும், கட்டுகஸ்தோட்டை, அக்குறணைப் பக்கத்துக் குறுக்குப் பாதைகளிலும் இலக்கத்தை மட்டும் வைத்து ஒரு வீட்டைக் கண்டுபிடிப்பது லேசான வேலையில்லை. கூரியர் ரைடர் சந்தியில் நின்று போன் அடிப்பார். வீட்டுக்காரர் 'கோயிலைத் தாண்டி வாங்க, படிக்கட்டு தெரியும்' என்று வழி சொல்லுவார். இப்படிப் பழகியவருக்கு 'உங்கள் முகவரி சரியில்லை' என்ற செய்தி அன்றாடம் நடக்கிற விஷயமாகத்தான் தெரியும்.

அந்த நம்பிக்கையைத்தான் மோசடிக்காரர் காசாக்குகிறார்கள்.

தபாலின் பெயரில் ஒரு வலை

லிங்க்கை அழுத்தினால் திறக்கும் பக்கம் தபால் திணைக்களத்தின் இணையத்தளத்தை அச்சொட்டாக ஒத்திருக்கும். பெயர், முகவரி, தொலைபேசி எண் எல்லாம் கேட்கும். கடைசியில் மறுவிநியோகக் கட்டணம் என்று சில்லறைத் தொகையொன்றைக் காட்டி வங்கி அட்டையின் எண்ணைக் கேட்கும். அந்தச் சில்லறைக்காக யாரும் இவ்வளவு பாடுபடுவதில்லை. அட்டை எண்ணும், பின்புறத்து மூன்று இலக்கமும், கைபேசிக்கு வரும் ஓ.டி.பி.யும்தான் அவர்களுக்கு வேண்டும். மூன்றும் கைக்கு வந்தால் கணக்கில் இருப்பது சில நிமிடங்களில் போய்விடும்.

தபால் திணைக்களம் இதைப் பற்றிப் பல தடவை பொதுமக்களை எச்சரித்திருக்கிறது. வங்கி அட்டை விவரங்களைக் குறுஞ்செய்தி லிங்க் மூலம் தாங்கள் கேட்பதில்லை என்பதே அதன் சாரம். சந்தேகம் வந்தால் 1950 என்ற திணைக்கள இலக்கத்துக்கு அழைத்துக் கேட்கலாம்.

மோசடிக்காரர் ஏன் தபாலின் பெயரைத் தேர்ந்தெடுக்கிறார்கள்? 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை வண்டித் தபால் ஓடத் தொடங்கியது. கடுகண்ணாவை ஏற்றத்தில் அந்தப் பாதையை அமைத்த கேப்டன் டோசனின் நினைவுக் கோபுரம் இன்றும் நிற்கிறது. அன்றிலிருந்து கடிதம், மணியோடர், பரீட்சைப் பெறுபேறு, ஓய்வூதியம் என்று எல்லாவற்றையும் கொண்டுவந்து தந்த திணைக்களம் அது. ஏறத்தாழ இரண்டு நூற்றாண்டுகளாகச் சேர்ந்த நம்பிக்கையை ஒரு குறுஞ்செய்திக்காரன் ஒரு நொடியில் இரவல் வாங்கிவிடுகிறான்.

உலகமெங்கும் இதே கதைதான். அமெரிக்காவில் குறுஞ்செய்தியில் தொடங்கிய மோசடிகளில் 2024ஆம் ஆண்டு மக்கள் இழந்ததாக முறையிட்ட தொகை 47 கோடி டொலர். அவற்றுள் அதிகம் முறையிடப்பட்டது பொய்ப் பார்சல் செய்திதான் என்று அந்நாட்டின் மத்திய வர்த்தக ஆணைக்குழு சொல்கிறது. போலிப் பக்கங்களைத் தயாராகச் செய்து வாடகைக்கு விடும் 'லைட்ஹவுஸ்' என்ற கும்பலுக்கு எதிராக 2025 நவம்பரில் கூகுள் நிறுவனம் நியூயோர்க்கில் வழக்குத் தொடர்ந்தது. நூற்றிருபதுக்கும் மேற்பட்ட நாடுகளில் பத்து லட்சத்துக்கும் அதிகமானோர் அதில் சிக்கினார்கள் என்பது கூகுளின் குற்றச்சாட்டு. இன்று இந்த மோசடியைச் செய்ய கணினி அறிவுகூடத் தேவையில்லை, வாடகை கட்டினால் போதும் என்பதை இந்த வழக்கு வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது.

கேட்காமலே வரும் பொதி

இரண்டாவது வகை வாசலுக்கே வருகிறது. பொதியில் வீட்டுக்காரரின் பெயர், முகவரி, தொலைபேசி எண் மூன்றும் சரியாக இருக்கும். பொருளைக் கொடுத்துக் காசை வாங்கும் 'கேஷ் ஒன் டெலிவரி' முறை. கணவர் வேலைக்குப் போயிருப்பார், மகள் பேராதனையில் வகுப்பில் இருப்பாள். வீட்டிலிருக்கும் அம்மா, 'பிள்ளை ஏதோ எடுத்திருக்கு போல' என்று நினைத்து அலுமாரியிலிருந்து காசை எடுத்துக் கொடுத்துவிடுவார். மாலையில் பிரித்துப் பார்த்தால் உள்ளே பழைய துணியோ, மலிவான பிளாஸ்டிக் சாமானோ இருக்கும். வீட்டில் யாரும் எதையும் கேட்டிருக்க மாட்டார்கள்.

தொகையை யோசித்துத்தான் வைக்கிறார்கள். வீட்டில் எப்போதும் கையில் இருக்கக்கூடிய அளவு, பொலிஸுக்குப் போக அலுப்புத் தட்டக்கூடிய அளவு. ரைடர் அந்தக் காசை நிறுவனத்தில் கட்டுவார். நிறுவனம் தன் கூலியைக் கழித்துக்கொண்டு மீதியை அனுப்பியவரின் கணக்கில் போடும். ஏமாந்தவர் முறைப்பாடு செய்யும்போது அனுப்பியவரின் போன் இயங்காது. ரைடரோடு சண்டை பிடிப்பதில் பயனில்லை. ஒவ்வொரு பொதிக்கும் கிடைக்கும் சிறு கூலிக்காக மழையிலும் மலையிலும் ஓடுகிற பிள்ளை அவன், பொதிக்குள் என்ன இருக்கிறதென்று அவனுக்கும் தெரியாது.

முகவரி அவர்களுக்கு எங்கிருந்து கிடைக்கிறது? நாமே வழியெல்லாம் விட்டுவருகிறோம். முகநூல் விளம்பரத்தின் கீழ் விலை கேட்டுப் போன் நம்பரைப் போடுகிறோம். பரிசுக் கூப்பனில் முழு முகவரியும் எழுதிப் பெட்டிக்குள் போடுகிறோம். பெயரும் எண்ணும் ஒட்டிய பழைய பெட்டியை அப்படியே குப்பை வண்டியில் ஏற்றுகிறோம். சிறு ஒன்லைன் கடைகள் வாடிக்கையாளர் பட்டியலை எந்தப் பூட்டும் இல்லாமல் வைத்திருக்கின்றன. அந்தப் பட்டியல் கை மாறினால் நமக்குத் தெரிய வழியில்லை.

காசே கேட்காமல் வரும் பொதிகளும் உண்டு. 2020 ஜூலையில் அமெரிக்காவின் பல மாநிலங்களில் யாரும் கேட்காத விதைப் பொட்டலங்கள் தபாலில் வந்து சேர்ந்தன. பலவற்றின் மேல் நகை என்று எழுதியிருந்தது, அனுப்பிய இடம் சீனா என்று இருந்தது. ஒன்லைன் விற்பனையாளர் தன் பொருளுக்குப் பொய்யான நற்சான்று எழுத, யாரோ ஒருவருடைய முகவரிக்கு எதையாவது அனுப்பி 'விற்பனை நடந்தது' என்று காட்டும் தந்திரமாகவே அது இருக்கலாம் என்று அந்நாட்டு விவசாயத் திணைக்களம் சொன்னது. இப்படிப்பட்ட பொதி நம் வீட்டுக்கு வந்தால் காசு போகாது. ஆனால் நம் பெயரும் முகவரியும் யாரோ ஒருவருடைய பட்டியலில் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சி. இப்படி வரும் பொதிகளுக்குள் கியூ.ஆர். குறியீடு வைக்கப்படுவதாக 2025இல் அமெரிக்க எஃப்.பி.ஐ. எச்சரித்தது. 'யார் அனுப்பியது?' என்ற ஆவலில் அதை ஸ்கேன் செய்தால் போலிப் பக்கத்தில்தான் போய் நிற்போம்.

காசைவிடப் பெரிய ஆபத்து

கொழும்பிலுள்ள மத்திய தபால் பரிமாற்றகத்தில் சுங்க அதிகாரிகள் வெளிநாட்டுப் பொதிகளைத் திறந்து போதைப்பொருள் கைப்பற்றுவது அடிக்கடி வரும் செய்தி. நெதர்லாந்து, ஜெர்மனி, பிரித்தானியா, அமெரிக்கா போன்ற நாடுகளிலிருந்து எக்ஸ்டசி மாத்திரைகளும் குஷ் கஞ்சாவும் விளையாட்டுச் சாமான், உடுப்பு, உணவு என்ற பெயரில் வருகின்றன. பெறுநர் விவரம் பொய்யானது என்று விசாரணையில் பல தடவை தெரியவந்திருக்கிறது.

பொய்ப் பெயருக்கும் ஓர் இடம் வேண்டும். அந்த இடம் யாரோ ஒருவருடைய வீடாக இருக்கலாம். இங்கேதான் நம் மலைநாட்டுப் பழக்கம் நமக்கே எதிராகத் திரும்புகிறது. பொதி கொண்டுவருபவர் முகவரியைவிடத் தொலைபேசி எண்ணையே நம்புகிறார். லேபிளில் உள்ள முகவரி நம்முடையதாகவும் எண் இன்னொருவருடையதாகவும் இருந்தால் என்ன ஆகும்? 'நான் சந்தியில்தான் நிற்கிறேன், இங்கேயே தாருங்கள்' என்று அந்த இன்னொருவர் சொல்லிப் பொதியை வாங்கிக்கொண்டு போகலாம். பிடிபட்டால் விசாரணை வந்து நிற்பது நம் வாசலில். மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரை செல்லக்கூடிய சட்டம் உள்ள நாட்டில், குற்றமற்ற குடும்பம் ஒன்று தன்னை நிரூபிக்கும்வரை படும் பாட்டுக்கு அளவில்லை. தமிழ்க் குடும்பங்களுக்கு, பொலிஸார் வாசலில் வந்து நிற்பது வெறும் விசாரணையாக மட்டும் தோன்றுவதில்லை. பழைய நினைவுகள் பல அதனோடு சேர்ந்து வரும்.

இந்தப் பயமே இன்னொரு மோசடிக்கு மூலதனம். 'உங்கள் பெயரில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் இருக்கிறது' என்று கூரியர் நிறுவனத்தின் பெயரில் அழைத்து, பிறகு பொலிஸ் உடுப்பில் ஒருவரை வீடியோவில் காட்டி, மணிக்கணக்கில் மிரட்டிப் பணம் பிடுங்குவது இந்தியாவில் பெருகியது. சென்னையிலும் படித்தவர்கள், ஓய்வு பெற்றவர்கள் பலர் சேமிப்பை இழந்தார்கள். மோசடிக்காரர் சொல்லும் 'டிஜிட்டல் கைது' என்று சட்டத்தில் ஒன்றுமே கிடையாது என இந்தியப் பிரதமர் 2024 அக்டோபரில் வானொலியில் சொல்ல வேண்டிய அளவுக்கு அது பரவியிருந்தது. இலங்கையில் நெடுங்காலமாக நடப்பது அன்பளிப்புப் பொதி. முகநூலில் பழகிய வெளிநாட்டு 'நண்பர்' தங்கமும் ஐபோனும் அனுப்பியதாகச் சொல்வார், மறுநாள் சுங்க அதிகாரி என்று ஒருவர் அழைத்து வரிப்பணத்தைத் தனியார் கணக்கில் போடச் சொல்வார். சுங்க வரியைத் தனிப்பட்ட எவருடைய வங்கிக் கணக்கிலும் வாங்குவதில்லை. இந்த ஒரு வரியை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லி வைத்தால் பல சேமிப்புகள் தப்பும்.

முகவரியே இல்லாதவர்கள்

நகரத்தில் முகவரி திருடப்படுகிறது. நகரத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் திருடுவதற்கே சொந்த முகவரி இல்லை. தெல்தோட்டைப் பக்கத்து லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் தேயிலைப் பயிரைத் தொடங்கினார். ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கலஹாவிலும் புசல்லாவையிலும் லயத்தில் வாழும் எத்தனையோ குடும்பங்களுக்கு இன்றும் வீட்டிலக்கம் கிடையாது. தோட்டத்தின் பெயரும் பிரிவின் பெயரும்தான் அவர்களுடைய முகவரி. கடிதம் தோட்ட ஆபீசுக்குப் போய் அங்கிருந்து ஒரு நாள் வந்து சேரும். நேர்முகப் பரீட்சைக் கடிதம் திகதி முடிந்த பிறகு கிடைத்ததும், நகை அடகு வைத்த வங்கியின் அறிவித்தல் ஏலம் முடிந்த பிறகு கிடைத்ததும் மலையகத்தில் பழைய வேதனை.

அதே லயத்துப் பிள்ளைகளின் கையிலும் இன்று ஸ்மார்ட்போன் இருக்கிறது, அவர்களும் ஒன்லைனில் வாங்குகிறார்கள். நூறு குடும்பத்துக்கு ஒரே முகவரி என்றால், அங்கே யாருடைய பெயரைப் போட்டும் ஒரு பொதியை வரவழைக்கலாம். ஒரே பெயரில் இருவர் இருந்தால் யாருடைய பொதி யாரிடம் போனது என்று கேட்கவும் முடியாது. ஒவ்வொரு லய வீட்டுக்கும் தனி இலக்கமும் அந்த வாசல்வரை வரும் தபாலும் வேண்டும் என்று மலையக மக்கள் கேட்பதை இத்தனை காலம் நலன்புரிக் கோரிக்கையாகவே பார்த்தோம். அது பாதுகாப்புக் கோரிக்கையும்தான்.

வாசலில் செய்யக்கூடியது

கேட்காத பொதிக்குக் காசு கொடுக்க வேண்டாம். வீட்டில் எல்லோரிடமும் போனில் கேட்டுவிட்டு, யாரும் கேட்கவில்லையென்றால் 'திருப்பி அனுப்புங்கள்' என்று சொல்லிவிடலாம். அதற்கு முன் லேபிளை ஒரு படம் எடுத்து வைப்பது நல்லது. நம் முகவரியில் முன்பின் தெரியாத பெயரோ எண்ணோ இருந்தால் கையெழுத்துப் போடவே கூடாது. வெளிநாட்டிலிருந்து அப்படி ஏதேனும் வந்தால் திறக்காமல் தபாலகத்துக்கும் பொலிஸுக்கும் தெரிவித்து, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். பின்னர் கேள்வி வந்தால் அந்த இலக்கமே நமக்குக் கவசம். அட்டை விவரத்தைக் கொடுத்துவிட்டோம் என்று தெரிந்த நிமிடமே வங்கியை அழைத்து அட்டையை முடக்க வேண்டும். இணைய மோசடிகளுக்கு இலங்கை கணினி அவசரப் பதிலளிப்புக் குழுவின் 101, நுகர்வோர் முறைப்பாடுகளுக்கு நுகர்வோர் விவகார அதிகார சபையின் 1977 ஆகிய இலக்கங்கள் உண்டு.

கேள்வி கேட்க வேண்டிய இடம்

இத்தனை எச்சரிக்கைகளையும் வாசலில் நிற்கும் அம்மாவின் தலையில் சுமத்திவிட்டு மற்றவர்கள் ஒதுங்கிக்கொள்வது நியாயமில்லை. பொதி நம் வீட்டுக்கு வருவதற்கு முன்பே ஒரு மேசையில் யாரோ அதை ஏற்றுக்கொள்கிறார்கள். அந்த மேசையில்தான் தடுப்பு தொடங்க வேண்டும்.

அனுப்புபவரின் அடையாள அட்டையைப் பார்க்காமல் எந்தப் பொதியையும் ஏற்கக்கூடாது. அவருடைய பெயரும் எண்ணும் லேபிளில் தெளிவாக இருக்க வேண்டும். பெறுபவரின் எண்ணை முழுவதும் அச்சிடத் தேவையில்லை, ரைடரின் செயலியில் இருந்தால் போதும். வசூலித்த காசைச் சில நாட்கள் நிறுத்திவைத்து, முறைப்பாடு இல்லையென்றால் மட்டும் அனுப்பியவருக்குக் கொடுக்கலாம். இந்த ஒரு மாற்றமே கேட்காத பொதி வியாபாரத்தின் முதுகெலும்பை முறித்துவிடும். முறைப்பாட்டைத் தமிழில் எடுக்கும் ஆளும் படிவமும் கண்டியில் இருக்க வேண்டும்.

சட்டம் முற்றாக இல்லாமல் இல்லை. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் நிறைவேறியது, ஆனால் அதன் முக்கிய பகுதிகள் நடைமுறைக்கு வரும் நாள் தள்ளிப்போடப்பட்டது. தபாலுக்கான அடிப்படைச் சட்டமோ 1908ஆம் ஆண்டுக்குரியது. அதை எழுதியவர்களால் மோட்டார் சைக்கிளில் வீடு வீடாகக் காசு வசூலிக்கும் தனியார் கூரியரைக் கற்பனை செய்திருக்க முடியாது.

பெயரும் முகவரியும் எண்ணும் ஒரு குடும்பத்தின் சொத்து. அவற்றை வாங்கி வைத்திருக்கும் கடையும், அவற்றை ஒட்டிப் பொதி அனுப்பும் நிறுவனமும், அவற்றைக் காக்கச் சட்டம் செய்த அரசும் பொறுப்புக்கூற வேண்டும். அதுவரை ஏமாந்தவர் வெட்கப்பட்டு வாய் மூடியிருக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்குச் சொல்லுங்கள், பொலிஸில் எழுதிக் கொடுங்கள், கூரியர் நிறுவனத்திடம் எழுத்தில் பதில் கேளுங்கள். சிறிய தொகைதானே என்று நாம் விட்டுவிடும் ஒவ்வொரு முறைப்பாடும் அடுத்த வீட்டுக்குப் போகும் பொதியின் செலவைக் கட்டுகிறது.