ஊதுகிறவருக்கும் ஒரு கழுத்து உண்டு!

காஞ்சிபுரத்துக்குப் போன பெண்மணி எவராவது வெறுங்கையோடு திரும்பியதாகக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? "காமாட்சியம்மனைத் தரிசிக்கத்தான் போனேன்" என்பார்கள். ஆனால் கையில் குங்குமப் பொட்டலத்தோடு ஒரு புடவைப் பெட்டியும் இருக்கும்! வீட்டுக்கு வந்து பிரித்துப் போட்டு, உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறமாகக் கோர்வை போட்டிருக்கும் அழகைப் பார்த்துப் பார்த்து மகிழ்வோம். அதை நெய்தவர் தறிக் குழியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, நாள் கணக்கில் கழுத்தைக் குனிந்தே வைத்திருந்தார் என்பது நமக்குத் தோன்றுவதேயில்லை.

அதே ஊரில் கழுத்தை வருத்திக்கொள்ளும் இன்னொரு கலைஞரும் இருக்கிறார். வைகாசி மாதம் வரதராஜப் பெருமாள் கருட சேவையைப் பார்த்திருப்பீர்கள். பொழுது விடிவதற்கு முன்பே பெருமாள் கோபுர வாசலைத் தாண்டிப் புறப்பட்டுவிடுகிறார். குடையும் கூட்டமுமாக ஊரே திரண்டு நிற்கிறது. அந்த இரைச்சலையெல்லாம் மீறி நாதஸ்வரம் கேட்கிறதல்லவா? நடந்துகொண்டே, நின்றுகொண்டே, கூட்டத்தில் இடிபட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும். பெருமாள் வீதி சுற்றி முடியும் வரையில் அந்த வாய்க்கும் தாடைக்கும் கழுத்துக்கும் சரியான ஓய்வில்லை.

நெசவாளியையும் ஊதுகிறவரையும் நான் வலிந்து முடிச்சுப் போடுவதாக நினைக்க வேண்டாம். இத்தாலி தேசத்தில் ராமாஸினி என்று ஒரு வைத்தியர் இருந்தார். தொழிலால் வரும் நோய்களைப் பற்றி 1700-ஆம் ஆண்டிலேயே ஒரு புத்தகம் வெளியிட்டு, 1713-இல் அதை இன்னும் விரித்து எழுதினார். தறியில் உட்காருகிறவர்களும் ஊதுகுழல் வாசிப்பவர்களும் அதில் இடம் பெற்றிருக்கிறார்கள். நோயாளியைப் பார்க்கும் வைத்தியர் மற்றக் கேள்விகளோடு "உமக்கு என்ன தொழில்?" என்பதையும் கேட்டாக வேண்டும் என்று வற்புறுத்தியவர் அவர்தான்.

ஆனால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? வித்வான் ஒருவரின் வீட்டைக் கற்பனை செய்து பாருங்கள். கல்யாணக் கச்சேரி முடித்து வந்தவர் சாப்பிட உட்காருகிறார். சோற்றை மெல்லும்போது முகம் சுளிக்கிறது.

"என்னங்க, தாடை வலிக்குதா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லே. ஊதறவனுக்கு இது கூடப் பொறந்தது. நீ ரசத்தை ஊத்து."

இந்தப் பதிலில்தான் ஆபத்து இருக்கிறது, சகோதரிகளே! வலியை வித்தைக்குக் கட்டும் வரி என்று எண்ணிவிடுகிறார்கள். அசதி வேறு, வலி வேறு. அசதி ஓர் இரவுத் தூக்கத்தில் போய்விடும். நாள்தோறும் வருகிற வலி, "என்னைக் கவனி" என்று உடம்பு அனுப்பும் தந்தி. கவனிக்காமல் விட்டால், வாய் திறப்பது குறையலாம். வாசிக்கும் நேரமும் குறையலாம். அந்த வாசிப்பை நம்பித்தானே அந்த வீட்டில் அடுப்பு எரிகிறது?

தாடையில் என்னதான் நடக்கிறது?

இரண்டு காதுகளுக்கும் சற்று முன்னால் விரல்களை வைத்து வாயை மெதுவாகத் திறந்து மூடிப் பாருங்கள். உள்ளே ஏதோ உருண்டு நகருகிறதல்லவா? அதுதான் தாடை மூட்டு. எலும்புக்கும் எலும்புக்கும் நடுவே மெல்லிய வட்டு ஒன்று மெத்தை போல இருக்கிறது. அது இடம் பிசகினால் 'டக்' என்று சத்தம் கேட்கும். வலியில்லாத வெறும் சத்தத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. சத்தத்தோடு வலியும் சேர்ந்தால்தான் கவனிக்க வேண்டும்.

நாதஸ்வரக்காரர் சீவாளியை உதடுகளுக்கிடையே பிடித்துக்கொண்டு, கன்னத்தின் உதவியோடு காற்றை அழுத்தி உள்ளே செலுத்துகிறார். அந்த நேரமெல்லாம் கீழ்த்தாடை அசையாமல் ஒரே நிலையில் நிற்க வேண்டும். போதாததற்கு வாத்தியமோ நீளமானது. இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு வாசிக்கும்போது, தோள் மேலே ஏறுகிறது. தலை முன்னே நீளுகிறது. மனிதத் தலையின் எடை ஏறக்குறைய 5 கிலோ. 5 கிலோ அரிசிப் பையை மார்போடு அணைத்துத் தூக்கிப் பாருங்கள். பிறகு கையை முன்னே நீட்டித் தூக்கிப் பாருங்கள். தலை முன்னே போகப் போகக் கழுத்துத் தசைகள் படும் பாடு அப்போது விளங்கும்.

உலகமெங்கும் இதே கதைதான். அமெரிக்காவின் புகழ்பெற்ற டிரம்பெட் வித்வான் லூயி ஆம்ஸ்ட்ராங்குக்கு 1930-களில் உதடு புண்ணாகி, வாசிப்பைச் சில காலம் நிறுத்தி வைக்க நேர்ந்தது. அவருடைய செல்லப் பெயரான 'ஸாச்மோ'வையே, ஊதுகிறவர்களுக்கு உதட்டுத் தசை கிழியும் கோளாறுக்குப் பிற்காலத்தில் சூட்டிவிட்டார்கள். இப்படி ஒரு புகழ் யாருக்கு வேண்டும்?

ஆறுக்கு ஆறு

தாடையையும் கழுத்தையும் தோளையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்றார் சிலி நாட்டு உடற்பயிற்சிச் சிகிச்சை நிபுணர் ரோகபாடோ. அவர் வகுத்தவை ஆறு பயிற்சிகள். ஒவ்வொன்றும் ஆறு முறை. நாளைக்கு ஆறு தடவை. அவற்றை ஒட்டி, வீட்டில் எளிதாகச் செய்யக்கூடிய சிலவற்றைச் சொல்கிறேன். எல்லாமே மெதுவாக, வலிக்காத அளவில்தான் செய்ய வேண்டும்.

முதலாவது, நாக்குக்கு ஓர் இடம். நாக்கின் நுனியை மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால் அண்ணத்தில் இலேசாக வையுங்கள். உதடுகள் மூடியிருக்கட்டும், பல்லோடு பல் படக் கூடாது. மூக்கால் ஆறு முறை நிதானமாக மூச்சு விடுங்கள். தாடைக்கு இதுதான் சாய்வு நாற்காலி. வாசிக்காத நேரமெல்லாம் அது இந்த நிலையிலேயே இருப்பது நல்லது.

இரண்டாவது, கண்ணாடி முன்னால் நின்று, நாக்கை அண்ணத்திலிருந்து எடுக்காமல் வாயைத் திறந்து மூடுவது. ஆறு முறை போதும். தாடை ஒரு பக்கமாகக் கோணாமல் நேராக இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, சுவரோரம் நிற்பது. முதுகைச் சுவரில் சாய்த்து, பார்வையை நேராக வைத்து, முகவாய்க்கட்டையை நேரே பின்னுக்கு இழுங்கள். இரட்டை மோவாய் தெரிகிறதே என்று வெட்கப்படாதீர்கள்; அதுதான் சரியான அடையாளம்! ஐந்து எண்ணும் வரை வைத்திருந்து விடுங்கள்.

நான்காவது, தோள் பட்டைகள். முதுகின் இரண்டு பட்டை எலும்புகளும் ஒன்றையொன்று தொட ஆசைப்படுவது போலப் பின்னுக்கு இழுத்து, ஐந்து எண்ணி விட வேண்டும். தோள் காதை நோக்கி ஏறக் கூடாது.

ஐந்தாவது, காதைத் தோளை நோக்கிச் சாய்ப்பது. வலக் காதை வலத் தோளை நோக்கி மெல்லச் சாய்த்து இருபது எண்ணுங்கள். பிறகு இடப் பக்கம். கையால் பிடித்து இழுக்க வேண்டாம்.

ஆறாவது, கன்னத்துக்கு ஒரு தடவல். பல்லைக் கடித்தால் கன்னத்தின் பின்பக்கம் ஒரு தசை புடைக்கும். இடத்தைத் தெரிந்துகொண்டு, பல்லைத் தளர்த்திவிட்டு, இரண்டு விரலால் வட்டமாகத் தடவுங்கள். வெந்நீரில் துணியை நனைத்துப் பிழிந்து, பொறுக்கும் சூட்டில் ஒத்தடமும் கொடுக்கலாம்.

வாசிக்கும் முன் சில நிமிஷம், வாசித்த பின் சில நிமிஷம் என்று பழக்கமாக்கிக்கொள்வது நல்லது.

வாத்தியம் வாய்க்கு வரட்டும்

பயிற்சி பாதிதான். மற்றப் பாதி வாசிக்கும் முறையில் இருக்கிறது. நிமிர்ந்து உட்கார்ந்து, வாத்தியத்தை வாய்க்குக் கொண்டு வர வேண்டும். வாயை வாத்தியத்துக்குக் கொண்டு போகக் கூடாது. அரை மணி சாதகம் செய்தால் ஐந்து நிமிஷம் ஓய்வு வேண்டும். திருவிழாவுக்குப் பல நாள் முன்பிருந்தே நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும். மாதக் கணக்கில் சும்மா இருந்துவிட்டு ஒரே நாளில் ஆறு மணி நேரம் ஊதினால் எந்தத் தாடை பொறுக்கும்? விறைப்பான சீவாளி அதிக அழுத்தம் கேட்கும் என்பதையும் மறக்கக் கூடாது. ஊதி ஓய்ந்த தாடைக்கு முறுக்கும் வெற்றிலை பாக்கும் மேற்கொண்டு வேலை கொடுக்கும். புகையிலை அறவே ஆகாது.

காஞ்சியில் மாவட்ட அரசு இசைப் பள்ளி இருக்கிறது. நாதஸ்வரமும் தவிலும் அங்கே பாடங்கள். பெண்களுக்கு இது ஆகாத வாத்தியம் என்ற பேச்சை மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் அந்த நாளிலேயே பொய்யாக்கிவிட்டார். காலீஷாபி மெஹபூப் தம் கணவர் ஷேக் மெஹபூப் சுபானியோடு 2020-ஆம் ஆண்டுக்கான பத்மஸ்ரீ பெற்றார். உங்கள் பிள்ளையோ பெண்ணோ சீவாளியைக் கையில் எடுத்தால், முதல் நாளிலிருந்தே சரளி வரிசையோடு இந்த ஆறையும் சேர்த்துவிடுங்கள். இன்னொன்று: தாடை மூட்டுக் கோளாறு ஆண்களைவிடப் பெண்களுக்குத்தான் அதிகம். நாதஸ்வரம் வாசிக்காவிட்டாலும், தையல் மிஷினிலும் கைபேசியிலும் குனிந்தே இருக்கிறோமே, நமக்கும் இவை உதவும்!

ஆனால் எல்லாவற்றையும் வீட்டிலேயே தீர்த்துவிட முடியாது. வாய் பாதியில் மாட்டிக்கொண்டாலோ, கை மரத்துப் போனாலோ, இரண்டு வாரமாகியும் வலி போகாவிட்டாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ தாடை வலித்து, மார்பும் இறுகினால் அது இருதயத்தின் கூக்குரலாக இருக்கலாம். ஒரு கணமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக, கல்யாணம் நடத்தப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாப்பிள்ளை அழைப்பிலிருந்து மறுநாள் வரை மேளக்காரரை ஒரு மூலையில் உட்கார்த்தி வைத்துவிட்டு, "ஏன் சத்தம் நின்று போச்சு?" என்று ஆள் விட்டுக் கேட்கிறோம். சம்பந்தி வீட்டாருக்குப் பத்து நாற்காலி தேடுகிற நாம், அவருக்குச் சாய்மானம் உள்ள ஓர் இடம் கொடுக்கக் கூடாதா? நடுநடுவே ஐந்து நிமிஷம் மௌனமாக இருந்தால் முகூர்த்தம் தவறிவிடாது. அந்த நேரத்தில் வெதுவெதுப்பாகக் குடிக்க ஏதாவது கொடுத்தனுப்புங்கள்.

அடுத்த தடவை காஞ்சிப் பட்டு சரசரக்க மணவறைப் பக்கம் நிற்கும்போது, கெட்டி மேளம் கேட்டதும் அட்சதையை எடுக்கத்தான் செய்வீர்கள். போட்டு முடித்ததும் ஒரு முறை அந்த மூலைப் பக்கமும் பாருங்கள். நம் பெண்ணுக்கு மங்கலம் ஊதுகிறவருக்கும் ஒரு கழுத்து உண்டல்லவா?